முள்ளோடு வந்த எலுமிச்சைக் கன்று

ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் திசு வளர்ப்பு ஆய்வகத்துக்கு முனியம்மாள் அக்கா வந்தபோது, அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே எலுமிச்சைப் பிஞ்சுகள். சுங்கை பாக்காப்பில் அவருடைய தோட்டம் முழுவதும் இலை மஞ்சளாகும் நோய். மற்ற மரங்களை வெட்டியாயிற்று. எஞ்சிய ஒன்றையும் வெட்ட வேண்டும். முள் அதிகமில்லாத மரம். ஆடி மாதத்தில் அம்மன் மாலைக்கு அதன் காய்கள்தாம் போகும்.

“இந்த மரமே வேணும் தம்பி. வேற கன்னு கடையிலயே கெடைக்கும்லா.”

பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் தூசு புகாத கிளீன் ரூமில் பழகிய ஒழுங்கோடு இத்தொழிலுக்கு வந்து, படித்தும் பார்த்தும் கற்றவன் நான். விதைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய திசுவுக்கு அந்நோய் பொதுவாக எட்டுவதில்லை. அத்திசுவைப் பிரித்தெடுத்து, போத்தல்களில் மீடியம் எனும் ஊட்டக்கூழின்மேல் வைத்தோம். பல போத்தல்களைப் பூஞ்சை கொண்டுபோயிற்று. தப்பியவற்றில், தாய்மரத்தின் அச்சாகவே புதிய கருக்கள் எழுந்தன. முதலில் உருண்டையாக, பிறகு இதய வடிவில், பின்னர் பச்சையாக. வளர்ந்த கன்றைப் பரிசோதித்தோம். நோய் இல்லை.

கன்றைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. தண்டெல்லாம் முள்.

“போத்தல மாத்திட்டீங்களா? என் மரத்துக்கு ஏது இவ்ளோ முள்ளு?”

“மாத்தல அக்கா. கருவுலேர்ந்து வந்ததால இது மறுபடியும் சின்னப் புள்ள. வயசு ஏற ஏற முள்ளு கொறையும்.”

“அப்போ காய் எப்போ?”

மேலாளர் சந்திரன் என் காதருகே குனிந்தார். “மூணு வருஷம்னு சொல்லிடுங்கண்ணே. பாவம், வயசானவங்க.”

“ஏழெட்டு வருஷம் ஆகலாம் அக்கா” என்றேன்.

“எனக்கு எழுவத்தாறு ஆச்சு. பாசார்லகூட கேட்டா கொறைப்பாங்க. நீ கொஞ்சம் கொறைக்கமாட்டியா?”

“முடியாது அக்கா.”

அவர் கன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்போ வீட்டுல வெச்சு புண்ணியமில்ல. நான் போய்ட்டா மவன் அந்த மண்ண வித்துருவான். கோயில் பின்னால வெக்கிறேன். மாலை அங்கதான போவுது.”

இத்தொழிலுக்கு வரும் இளையோர் கவனிக்க வேண்டும். கரு பச்சையானதும் மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் மகிழ்கிறோம். நட்டவருக்கோ அது காய்க்கும் நாள்தான் கணக்கு. இரக்கப்பட்டு அந்த நாளைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மூன்று ஆண்டு என்று நான் சொல்லியிருந்தால், விற்கப்படப்போகும் மண்ணில் அக்கா அதை நட்டிருப்பார்.