படுத்தால் ஓட்டம், கட்டினால் நடை

என் அப்பாவிடம் ஒரு தங்கக் கைக்கடிகாரம் இருந்தது. சுவிஸ் தேசத்தில் செய்தது. கல்யாணத்தின்போது அம்மாவின் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்டது. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு கடிகாரம் வேறு எவர் கையிலும் கிடையாது என்று அம்மா சொல்வாள். சும்மா சொல்ல மாட்டாள். அப்பா கோபத்தில் குரலை உயர்த்துகிற நேரம் பார்த்து, எங்கப்பன் போட்டதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள் என்பாள். அப்பா குரலைக் கழற்றி வைப்பாரே தவிர கடிகாரத்தைக் கழற்ற மாட்டார்.

எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைக்கூடப் பிரித்தார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? நேரமாகப் பிரித்தார்கள். ஐப்பசி மழைக்குக் கிணறு தளும்பிக் கிடக்கும் வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாசி பிறந்து தண்ணீர் கீழே இறங்கியதும் முறை வைப்பார்கள். காலையில் ஒரு வீட்டுக்கு மோட்டார் ஓடும், மத்தியானத்துக்கு மேல் இன்னொரு வீட்டுக்கு. இருவருக்கும் சமமான நேரம். அந்த நேரத்தை அளக்க இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து இருந்தது அப்பாவின் கடிகாரம் ஒன்றுதான்.

தராசு ஒருவர் கையிலேயே இருக்கலாமா என்று ஊரில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். அப்பா அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். தன் முறை நடக்கும்போது கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பார். அண்ணன் முறை வந்ததும் அதைக் கழற்றி, மோட்டார் ரூம் மாடத்தில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார். பொதுவில் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பார். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று ஊரே மெச்சியது. பெரியப்பாவும் தன் முறையின்போது நாலைந்து தடவை வாய்க்காலை விட்டு வந்து மாடத்தில் மணி பார்த்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் போகாத மனிதர், மணி பார்க்கப் பழகுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கியிருந்தேன். எனக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால், அது அடுத்த வீட்டுச் சுவராக இருந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் வருவேன். விடுதிச் சமையலறையில் உப்புச் சாடியையும் சர்க்கரைச் சாடியையும் ஒழுங்காக இடம் மாற்றி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எல்லோரையும் உப்புக் காப்பி குடிக்க வைத்தவள் நான். அந்தப் புண்ணியவதிகள் என்னைப் பொறுத்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு ஜெபம் வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் பெட்டியில் கடிகாரம் கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் அதற்கு வேலை கிடையாது. கண்ணாடி மங்கி, முகம் பழுத்து, சங்கிலிக் கண்ணிகளில் செம்மண் அடைத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் புதுசாக்கிப் பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அம்மா மறுபேச்சுப் பேசாமல் முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அப்பா அப்போது சந்தைக்குப் போயிருந்தார்.

கடைவீதியில் கடிகாரம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். பீரோ அகலத்துக்கு ஒரு கடை, அதை அடைத்துக்கொண்டு அவர். வாய் மூடாத மனிதர். எந்தப் பட்டணத்துப் பிரபுவின் கடிகாரத்துக்கு எப்போது உயிர் கொடுத்தார் என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மூடியைத் திறந்தார். திறந்ததும் மூக்கைச் சுளித்தார். உள்ளே விளக்கெண்ணெய். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா கோழி இறகால் தொட்டு மோட்டாருக்கு எண்ணெய் விடுவார், அதே இறகால் கடிகாரத்துக்கும் ஒரு சொட்டு. சந்தனமும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. சுவிஸ் தேசத்துக்காரன் பார்த்தால் அழுதிருப்பான் என்றார் அவர்.

கார்த்திகை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமே எங்கள் ஊர்ப் பஸ்ஸின் கண்டக்டர் விடுதி வாசலில் வந்து நின்றார். மேலே மெருகு மட்டும் போட்டால் போதும், உள்ளே எதையும் தொட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பார்க்கிறாரே! உடனே கடைவீதிக்குப் போய், உள்ளே ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேய்ந்த பாகங்கள் மதராசிலிருந்து வர வேண்டியிருந்தது. மார்கழிக் கடைசியில் கடிகாரம் கைக்கு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் பாலாடை நிறத்தில் இருந்தது. முட்கள் மின்னின. காதில் வைத்தால் எறும்பு நடப்பதுபோல் ஒரே சீரான சத்தம். அது எப்படிக் கெட்டிருந்தது, எப்படிச் சரியாயிற்று என்பதையும் அவர் விளக்கினார். நான் டீச்சர் இல்லையா, கேட்டதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

மாட்டுப் பொங்கலன்று பெரியப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அப்பாவும் அவரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைத் தட்டில் வைத்து நீட்டினேன். இருவரும் வாயைப் பிளந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இதுக்கு ரெண்டு வியாதி இருந்துச்சுங்கப்பா," என்றேன். "மொதல் வியாதி, உள்ள ஒரு அச்சு ஒரு பக்கமாத் தேஞ்சு போச்சு. அதனால கைல கட்டியிருந்தா மெதுவாப் போவும். மல்லாக்கப் படுக்க வெச்சா வேகமா ஓடும்."

பெரியப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கட்டுவது யார் முறையில், படுக்க வைப்பது யார் முறையில் என்று கணக்குப் போடப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. அவர் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். அப்பா இலையில் இருந்த அவரைக்காயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எதையும் கவனிக்கவில்லை. பாடம் பாதியில் நிற்கிறதே!

"ரெண்டாவது வியாதி, யாரோ முள்ளப் பின்னால திருகித் திருகி உள்ள பல்லெல்லாம் தேஞ்சு போச்சாமா. ஒரு நா ரெண்டு நா இல்ல, வருசக் கணக்காத் திருகியிருக்கறாங்கன்னாரு."

இப்போது அப்பா தலையை நிமிர்த்தினார். மாடத்தில் மணி பார்க்க நாலைந்து தடவை வந்துபோகிற அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அது காலி. ஆனாலும் அண்ணாந்து நிதானமாகக் குடித்தார்.

பாயசம் எடுக்கப் போன அம்மா அடுப்படியில் சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயசம் வருவதற்குள் பெரியப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திட்டவும் முடியாது. மகள் தன் சம்பளத்தில் கடிகாரத்தைப் புதுசாக்கிக் கொடுத்திருக்கிறாள். என்னவென்று திட்டுவது?

அன்றோடு அண்ணனும் தம்பியும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை அப்படி ஒரு ஒற்றுமை. முதல் வாழைத்தார் வெட்டினால் அப்பா பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவார். கரும்பு ஆலை ஓட்டினால் முதல் வெல்லம் அங்கிருந்து இங்கே வரும். பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும் இருந்திருக்கும், ஆனால் ஏமாற்றுகிறவன் தான்தான் என்ற நினைப்பு இருவரையும் தாராளமாக்கி வைத்திருந்தது. இப்போது இருவரும் ஏமாந்தவர்கள். வாழைத்தாரும் நின்றது, வெல்லமும் நின்றது. இருவரும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போவது வழக்கம். அப்பா தனியாகப் போய்ப் பாதிச் சாமான்களை மறந்துவிட்டு வந்தார். கூட ஆள் இல்லாமல் எதுவும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். அவருக்குக் கூடப்பிறந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

வருத்தத்தோடு நின்றிருக்கலாம். நான் சரிசெய்யக் கிளம்பினேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் இருவரையும் மோட்டார் ரூமுக்கு வரவழைத்துக் கணக்கை விளக்கினேன். கடிகாரம் வேகமாக ஓடியதில் பெரியப்பாவுக்குக் குறைந்த நேரத்தை அவரே முள்ளைத் திருகி ஈடுகட்டிக்கொண்டார். ஆக, இத்தனை வருஷமும் இரண்டு தோட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீர்தான் போயிருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதைக் கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இத்தன வருசம் நான் பாடுபட்டதெல்லாம் வீணா?" என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குத் தான் மாடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடந்த நடையெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முழங்காலைத் தடவிக்கொண்டு போய்விட்டார். முன்பு பேசாமல் இருந்தவர்கள் இப்போது எதிரில் பார்த்தால் பாதை மாறிப் போக ஆரம்பித்தார்கள். அடுப்பை ஊதப் போய்க் கூரையைக் கொளுத்தின கதையாக ஆயிற்று என் வேலை.

மாசி பிறந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது. முறை வைக்க வேண்டும், கடிகாரம் யாரிடம் இருப்பது? அப்பா கட்டினால் பெரியப்பாவுக்கு ஒப்பவில்லை. மாடத்தில் வைத்தால் அப்பாவுக்கு ஒப்பவில்லை. இருவரும் மோட்டார் ரூம் வாசலில் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். அம்மா சாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து, கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். சங்கிலி தொளதொளவென்று இருந்ததால் வளையலுக்கு மேலே முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"எங்கப்பன் போட்டது. இனி நானே கட்டிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயி மடையப் பாருங்க," என்றாளாம்.

பங்குனியில் நான் போனபோது மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு அதிசயம் பார்த்தேன். சுற்றிலும் வரப்பெல்லாம் வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் கத்திரியும் வெண்டையும் அவரைப் பந்தலும் பச்சைப் பசேலென்று நின்றன. பூசணி ஒன்று குடத்தளவு இருந்தது. இதற்கு ஏது தண்ணீர் என்று கேட்டேன். ஒரு வீட்டு முறை முடிந்து அடுத்த வீட்டுக்கு மடை மாற்றுகிற நேரம் யாருக்கும் சொந்தமில்லையாம். அந்த நேரம் எவ்வளவு என்று யார் பார்ப்பது? அவள்தான். கடிகாரம் அவள் முழங்கையில் இருந்தது. முறைகள் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துகொண்டிருந்தன.

இருவரையும் சேர்த்து வைக்கத்தான் இப்படிச் செய்கிறாயா என்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு பெருமையான எண்ணம். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குச் சாமி அந்த வேலையெல்லாம்? கத்திரிக்காய்க்குத் தண்ணி வேணும்," என்றாள்.

இதில் எவ்வளவு உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், மத்தியான இடைவேளையில், விடுதிக் கன்னியாஸ்திரீ ஒருவர் வந்து வாசலில் இரண்டு பெரியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். அப்பாவும் பெரியப்பாவும். ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஆரம்பித்த பேச்சை இன்னும் முடிக்காமல் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பெரியப்பா முன்னால் வந்தார்.

"அம்மணி, அந்தக் கெடிகாரம் உங்கம்மா கைல இருந்தா ரொம்ப வேகமாப் போவுது."

"அண்ணன் சொல்றது நெசந்தான்," என்றார் அப்பா. "மடையத் திருப்பி ஒரு பாத்தி பாயறதுக்குள்ள முறை முடிஞ்சு போவுது. நானும் பாத்தேன், அண்ணனும் பாத்தாரு."

அப்பா விட்ட இடத்தில் பெரியப்பா தொடர்ந்தார். பெரியப்பா மூச்சு வாங்கிய இடத்தில் அப்பா. பூசணிக்காயின் பருமனைக் கையால் காட்டினார்கள். கடைக்காரர் ஏதோ கோளாறாகப் பண்ணிவிட்டார், பெண்கள் கைக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, மறுபடியும் ஒரு தடவை காட்ட வேண்டும் என்று இருவரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"கொண்டாங்க, பாக்கச் சொல்றேன்," என்றேன். "யாரு கொண்டாருவீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ கைல இருந்து அத ஒருத்தனா வாங்க முடியாது சாமி," என்றார் அப்பா. "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கோணும். நாங்களே கொண்டாரோம்."

பொங்கலுக்குப் பிறகு அப்பா வாயிலிருந்து 'நாங்க' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். சரி, இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள் என்றேன். கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.