மறுபடி டாக்டர்

"விளக்கை அணைங்க. யாரும் தும்மக் கூடாது," என்கிறார் டாக்டர். தும்மலுக்கும் சாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். நான் மயக்க மருந்து கொடுக்கிறவன். நோயாளியின் கை வழியாகப் பச்சைச் சாயத்தை ஏற்றுவதும் என் வேலை. சில நொடிகளில், திறந்து வைத்த தண்டுவடத்தின் மேல் ஓடும் ரத்தக் குழாய்கள் மைக்ராஸ்கோப்பின் திரையில் இருட்டுக்குள் வெள்ளையாக ஒளிரும்.

"வா ராசா, எந்தச் சந்து வழியா வர்றேன்னு பாக்கலாம்," என்று குழாயோடு பேசுவார். பிள்ளைகளிடம்கூட இத்தனை கொஞ்சல் இல்லை என்று அவர் கணவரே ஒருமுறை சொன்னார்.

சாயம் முதலில் தமனியில் தெரிய வேண்டும், பிறகுதான் சிரையில். இரண்டும் சேர்ந்தே மின்னினால் நடுவே ஒரு திருட்டு வழி இருக்கிறது என்று பொருள். அது தண்டுவடத்தை வீங்க வைத்துக் கால்களை மெல்ல முடக்கிவிடும். அதைத் தேடி அடைப்பதுதான் இவர் வேலை. அடைத்த பிறகும் நம்பமாட்டார். "மறுபடி" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

போன வாரம் ஒரு தையல்காரம்மா. கால் மெஷினை மிதிக்க மறுத்ததால் வந்தவர். வழியை அடைத்ததும், தமனி ரத்தம் கலந்து சிவந்திருந்த சிரை மங்கியது. "அடைச்சாச்சே மேடம், மூடிடலாமா?" என்றார் உதவி டாக்டர்.

"கண்ணு ஆயிரம் சொல்லும்ப்பா. மறுபடி."

முந்தைய சாயம் வடியும்வரை காத்திருந்தோம். எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன். ஏற்றினேன். சிரை அப்போதும் முந்திக்கொண்டு மின்னியது. நரம்பு வேருக்குப் பின்னால் மயிரிழை போல இன்னொரு வழி ஒளிந்திருந்தது. மூடியிருந்தால் அந்தம்மாவின் கால் அவ்வளவுதான். அதையும் அடைத்தார். மூன்றாம் முறை சிரை சமர்த்தாகக் கடைசியில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயம் ஏற்றியது நான்தான் என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் வார்டில் போர்வையை விலக்கி, தையல்காரம்மாவின் வலது பாதத்தின் அடியில் டாக்டர் தன் உள்ளங்கையை வைத்தார்.

"மெஷின்னு நெனச்சு மிதிங்கம்மா."

"உங்க கையில போயி எப்படிங்க கால வைக்கிறது?"

"வைங்க. நேத்து பூரா அதுக்குத்தானே நின்னேன்."

பாதம் தயங்கியது. பிறகு அழுத்தியது. டாக்டரின் கை பின்னால் போனது. அவர் இன்னொரு கையை இடது பாதத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார்.