கொழும்புக்கு அனுப்பிய தாலிகட்டு

புது டிரைவர் போட்டால் கூறைச் சேலையின் சிவப்பு கொழும்பில் இன்னும் சிவப்பாகத் தெரியும் என்று நான் நம்பினேன். கணினியில் படங்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஏதோ ஒரு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கல்யாணத்தன்று காலை, வீட்டில் எல்லோரும் குளியலறைக்கு அடிபட்டுக்கொண்டிருந்தபோது, கிராபிக்ஸ் டிரைவரின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடவா என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. நல்ல நாளில் நல்ல செய்தி என்று ஓம் கொடுத்தேன்.

2009இன் பிற்பகுதி. அந்த வருடம் எங்கள் வீடுகளில் கொண்டாட யாருக்கும் மனம் இருக்கவில்லை. நாள் வைத்தாயிற்று, லண்டனில் இல்ஃபோர்டில் மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று, அதனால் நடந்தது. மணமகள் என் அக்காவின் ஒரே மகள். படிக்க வந்தவள், பிளேஸ்டோவில் எங்களோடுதான் இருந்தாள். அக்கா கொழும்பில். விசா கேட்டாள், மறுத்துவிட்டார்கள். மகளின் தாலிகட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று தொலைபேசியில் அழுதவளிடம், தாய்மாமன் என்ற மிதப்பில் நான் வாக்குக் கொடுத்தேன். "வெள்ளவத்தையில ஒரு நெட் கஃபேயில போய் இருங்கோ அக்கா. நான் லைவ்வாக் காட்டுறன்."

ஒத்திகையும் பார்த்திருந்தேன். எங்கள் சமையலறையில் மனைவி வெங்காயம் வெட்டுவதைக் கொழும்பில் பார்த்துவிட்டு, கத்தியைக் கவனமாகப் பிடிக்கச் சொல்லு என்றாள் அக்கா. தீப்பெட்டி அளவுப் படம்தான். ஆனால் எனது திரையிலும் அது தெரிந்தது, அவளது திரையிலும் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

மண்டபத்தில் எனக்குக் கிடைத்த இடம் மணவறைக்குப் பக்கவாட்டில் ஒரு பொந்து. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மணவறைத் தூண், முன்னால் ஓமகுண்டம், பின்னால் மேளக்காரர். கமெராவை ஒரு சிறிய முக்காலியில் மணவறையைப் பார்க்க வைத்துவிட்டு, அதன் நீள வயரின் மறுமுனையில் நான் மடிக்கணினியோடு குந்தியிருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது ஓமகுண்டத்தைக் குறுக்கே கடந்து போக யாராலும் ஏலாது. தவில்காரரின் மடியைக் கடப்பதும் அதைப் போலத்தான். போதாததற்கு என் பட்டு வேட்டியின் ஒரு தலைப்பு மேசைக்காலின் கீழ் அகப்பட்டிருந்தது. எழுந்திருந்தால் நான் மட்டும்தான் எழுந்திருப்பேன். வேட்டி அங்கேயே இருந்திருக்கும்.

மணமகள் கூறை மாற்றப் போன நேரம் பார்த்து ஒளிபரப்பைத் தொடக்கினேன். படம் வரவேண்டிய பெட்டி கறுப்பு. மென்பொருளை மூடித் திறந்தேன், கறுப்பு. வயரைக் கழற்றி மற்ற ஓட்டையில் செருகினேன், அதே கறுப்பு. கமெராவை வேறு ஏதாவது மென்பொருள் பிடித்து வைத்திருக்கக்கூடும் என்று எங்கோ படித்தது நினைவு வந்து, திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். கடைசியில் சீட்டாட்டத்தையும் மூடினேன். கறுப்பு கலங்கவேயில்லை. கீழே மூலையில் மட்டும், படம் போகிறது போகிறது என்று பச்சை எழுத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை பொய் சொல்கின்றன என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அந்த எண்கள்தான்.

பிள்ளை கூறையோடு வந்து உட்கார்ந்தாள். மனைவி அருகே வந்து குனிந்து, "இஞ்சேருங்கோ, வருதோ?" என்றாள்.

"வருது" என்றேன். வேர்வை வந்துகொண்டிருந்தது. அந்த அளவுக்கு அது உண்மை.

அப்போது சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அக்கா. காதில் வைத்தால் தவில் மட்டும்தான் கேட்டது. படம் இல்லை என்று அழுகிறாள் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. "பொறுங்கோ அக்கா, இப்ப வரும்" என்று கத்திவிட்டு வைத்து, விசைப்பலகையைப் படபடவென்று அடித்தேன். தவில்காரர் என் பக்கம் சாய்ந்தார். "அண்ணை, நீங்களும் அடிக்கிறியள், நானும் அடிக்கிறன். ஐயர் என்னைத்தான் பாக்கிறார். கொஞ்சம் தாளத்தோட அடியுங்கோ" என்றார்.

காலையில் போட்ட டிரைவர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழையதற்குத் திரும்பும் வழியைத் தேடிப் பிடித்தேன். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும், சம்மதமா என்று அது கேட்டது. என் கணினி எழும்பி வருவதற்குள் மாப்பிள்ளை தாலியும் கட்டிச் சாப்பிடவும் போய்விடுவார். ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டார். ஓம் என்றால் எல்லாம் போய்விடும், இல்லை என்றால் எதுவும் வராது. கோழைகள் அமுக்குவது எதுவோ அதை அமுக்கினேன். இல்லை.

மிச்சம் இருந்தது கமெரா ஒன்றுதான். இருந்த இடத்திலிருந்தே வயரைப் பிடித்து, தூண்டிலில் மீன் இழுப்பது மாதிரி முக்காலியோடு இழுத்தெடுத்தேன். கண்ணுக்கு நேரே வைத்து லைட் எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. சால்வைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன். ஊதினேன். கெஞ்சினேன். தொலைபேசி மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. எனக்கு முன்னால் முதுகுகள். விசைப்பலகையில் அட்சதை கொட்டியது. கமெரா கையில் இருக்க, வேட்டி மேசைக்காலில் இருக்க, நான் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. ஓமப்புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வேட்டியை மீட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்த்தான் அக்காவுக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்கப் பெரிய வசனமெல்லாம் தயார். அவள் பேசவே விடவில்லை.

"படம் நல்லாத்தானே வந்தது. அதைச் சொல்லத்தானே எடுத்தனான். பிள்ளை கூறையோட வந்து இருந்ததைக் கண்டன். சிவப்பு நல்ல எடுப்பு. பிறகு நீ ஏனடா கமெராவைத் தூக்கினாய்? திருப்பச் சொல்லி எத்தினை தரம் அடிச்சனான்."

"அப்ப தாலி கட்டினது?"

"மேளம் கேட்டது. நீ அழுதாய். கட்டியாச்செண்டு தெரிஞ்சுது."

புது டிரைவர் கெடுத்தது என் திரையில் இருந்த அந்தச் சிறிய பெட்டியை மட்டும்தான். வெளியே போன படத்தை அது தொடவேயில்லை. தாலி ஏறிய நேரத்தில் வெள்ளவத்தையில் அக்காவுக்கு முன்னால் இருந்தது என் முகம். எனக்கு முன்னால், அந்தக் கறுப்புப் பெட்டியின் பளபளப்பில் தெரிந்ததும் அதே முகம்தான். தாலி கட்டியதை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.