லாரி அக்காவின் கண்ணாடி ஜாடி

வீடு மாற்றித் தரும் கம்பெனியிலிருந்து எஸ்டிமேட் போட வந்தவர் கட்டிலை அளந்துகொண்டிருக்கும்போதே அவர் கையில் ஒரு கண்ணாடி ஜாடியைத் திணித்துவிடுவார் அக்கா. "கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்" என்று சமையலறைக்குள் போனால் போனதுதான், லேசில் வெளியே வரமாட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர் ஜாடியைக் கால் படுகிற இடத்தில் தரையில் வைத்தால் அந்தக் கம்பெனி அவுட். சோபாவில் உருட்டிவிட்டாலும் அவுட். மேஜையின் ஓரத்தைத் தவிர்த்து நடுவில் வைத்தவரோடுதான் மேற்கொண்டு பேச்சு.

இத்தனைக்கும் அது அவர் வீடாக இருக்காது. எங்கள் குடியிருப்பில் யார் வீடு மாறினாலும், எந்தக் கம்பெனியைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்க அக்கா இருக்கும் மூன்றாம் மாடிக்குத்தான் ஏறுவார்கள். அக்கா ஜாடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுவரை இரண்டு ஜாடிகள் உடைந்திருக்கின்றன. புது ஜாடியின் விலையையும் வீடு மாறுகிறவரின் செலவுக் கணக்கில் கூசாமல் சேர்த்துவிடுவார். லாரி அக்கா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான் இல்லை, ஆனால் பரப்பியதில் எனக்குப் பங்கு உண்டு.

கல்யாணமான நாள் முதல், கணவரின் வேலை மாற்றத்தோடு ஊர் ஊராய்ப் பெட்டி கட்டியவர். "என் சாமான்ல பாதி இன்னும் ஏதோ ஒரு லாரியில போயிட்டேதான் இருக்கு தம்பி" என்பார். "சொல்ற ரேட்டு வேற, இறக்குற ரேட்டு வேற" என்பது அவர் அடிக்கடி சொல்வது. மாடி ஏற ஒரு கூலி, லாரி வாசலுக்கு வராமல் தெருமுனையில் நின்றுவிட்டால் அதற்கு ஒரு கூலி, அட்டைப்பெட்டி தனி, கட்டிலைக் கழற்றினால் தனி, திரும்ப மாட்டினால் அதுவும் தனி. எல்லாவற்றையும் வாயைப் பிடுங்கிக் கேட்டுவிட்டுத்தான் எது மலிவு என்றே யோசிப்பார். எடுத்த எடுப்பில் அடிமாட்டு விலை சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

சாமான் இறங்கும்போது அவர் எப்போதும் கடைசி ஆளாகத்தான் படியிறங்குவார். கூலியாட்களின் கையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். "மெதுவா, மெதுவா, அந்தக் கோணம்... கோணம்" என்று மாடி முழுக்கக் குரல் கேட்கும். ஒருமுறை நான் ஆர்வக்கோளாறில் முன்னால் நடந்துவிட்டேன். "முன்னாடி போறவங்களுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? பின்னாடி வாங்க" என்று எல்லோர் முன்பும் என்னை இழுத்து நிறுத்தினார். என் வீட்டு ஃப்ரிட்ஜ் அது. ஆனாலும் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்பேர்ப்பட்டவர் தன் வீட்டை மாற்ற வேண்டி வந்தபோது தடுமாறிப்போனார்.

அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நடுவில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தபோது ஸ்ட்ரெச்சரில் பட்டைபோட்டுக் கட்டி, படிக்குப் படி தலைகீழாய்ச் சாய்த்து இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு பார்த்தோம், நானும்தான். மனிதர் தெருவுக்குப் போகும்வரை கண்ணை இறுக்கி மூடியிருந்தார். திரும்பி வந்த பிறகு மனைவியிடம் சொன்னது, "இனி... அப்படி... வேணாம்" என்று மூன்றே வார்த்தை. அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை.

அக்கா தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பிடித்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டால் தெருவைப் பார்க்கலாம். ஆனால் அங்கே போக இந்த மூன்று மாடியையும் இறங்கியாக வேண்டுமே. படுத்துக்கொண்டு இல்லை, சட்டை போட்டு, உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு அவர் இறங்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே கவலை. மற்ற செலவையெல்லாம் அதற்குத் தக்கபடி வெட்டினார். பெரிய பீரோவையும் இரட்டைக் கட்டிலையும் கொடுத்துவிட்டார். சோபா என் வீட்டுக்கு வந்தது. சாமான் குறைந்தால் சின்ன லாரி போதும், மிச்சமாகிற பணத்துக்குக் கூடுதலாக நான்கு கைகள் வரும் என்பது அவர் கணக்கு.

கம்பெனிக்காரர்கள் வரும்போது என்னையும் வந்து உட்காரச் சொன்னார். ஏதாவது பேசணுமா என்று கேட்டேன். வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம் என்றார்.

முதலில் வந்தவர் ஜாடியை அழகாக மேஜை நடுவில்தான் வைத்தார். அக்கா மெல்ல விஷயத்தைச் சொன்னார். அவர் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்க்காமல், பேனாவைத் திறந்துகொண்டு, "என்ன வெயிட் இருப்பாரு?" என்று கேட்டார். கணவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த ஆளை அறைந்தால் என்ன என்று இருந்தது. அக்கா போய்க் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாவதாக வந்தவர், ஆள் இறக்குகிற வேலையெல்லாம் தங்களுக்கு ஆகாது, ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். அன்று அக்கா சமையலறையில் ரொம்ப நேரம் நின்றார். கதவிடுக்கில் நின்று பார்க்க, வந்த ஆள்தான் போய்விட்டாரே. உள்ளே போய் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை.

மூன்றாவதாக வந்தவர் நடுவயதுக்காரர். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றினார், ஆனால் அக்கா அதைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜாடியையும் மறந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் எழுந்துபோய்க் கட்டிலருகே குந்தி உட்கார்ந்தார்.

"நாற்காலியோட தூக்கிடலாம் சார். உங்களுக்கு எப்படி வசதி, முன்னாடி பார்த்துக்கிட்டு இறங்கறீங்களா, பின்னாடி பார்த்தா?"

அந்த வீட்டில் யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்றோ. கணவர் அவரையே பார்த்தார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, மெல்லச் சொன்னார்: "முன்... னாடி."

பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. இடது கையை நீட்டி, தலைமாட்டில் அக்கா மறந்து வைத்திருந்த கண்ணாடி ஜாடியைத் தட்டுத்தடுமாறி எடுத்து வந்தவரிடம் நீட்டினார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா என்ன! வந்தவர் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கினார். எங்கேயும் வைக்கவில்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே, படி எப்படித் திரும்புகிறது, எந்த இடத்தில் நின்று இளைப்பாறலாம் என்று அவரிடமே பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் ரேட்டு மற்ற இரண்டையும்விட அதிகம். அக்கா பேரம் பேசவில்லை. என் ஆயுளில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

வீடு மாறிய அன்று சாமானெல்லாம் முதலில் இறங்கியது. கடைசியில் கணவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடிகாரம், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி வெளியே வந்தார். நான்கு பேர் தூக்கினார்கள். இந்த முறை நாங்களும் கதவைத் திறந்துதான் நின்றோம், ஆனால் அவர் கண்ணைத் திறந்திருந்தார். என் வாசலைத் தாண்டும்போது இடது கையை லேசாகத் தூக்கி, "வரேன்" என்றார். நானும் கையைத் தூக்கினேன். எங்கே அக்காவின் குரல் என்று அப்போதுதான் உறைத்தது. "மெதுவா" என்றோ "கோணம்" என்றோ ஒரு சத்தமும் இல்லை. பின்னால் தேடினேன், ஆள் இல்லை.

நாற்காலிக்கு நாலு படி முன்னால், அவர் கண் பார்க்கிற இடத்தில், அக்கா ஜாடி இருந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். தெருவரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.