நீளவாக்கில் மடித்த நோட்டுகள்

மெர்லிண்டா நீட்டிய கட்டைப் பார்த்ததுமே வங்கிக் காசாளர் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னிக்கும் மடிச்ச நோட்டுதானா மேடம்? மெஷின் துப்புது. நான்தான் ஒவ்வொண்ணா நீவி விடணும்."

"நீவும்மா, நீவு. விரலுக்கு நல்லது," என்றாள் மெர்லிண்டா. யார் கையைப் பார்த்தாலும் சிகிச்சை சொல்லாமல் இருக்க முடியாது அவளுக்கு.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், ரொட்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. பக்கவாதத்தில் முடங்கிய கைகளை அவரவர் வேலைக்கே மறுபடி பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைதான் அவள் பிழைப்பு. பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொல்வதெல்லாம் அவளுக்கு ஆகாது. மீன்காரி வந்தால் கத்தியும் மீனும். தையல்காரர் வந்தால் ஊசியும் நூலும். ஜீப்னி என்கிற குட்டிப் பேருந்தை ஓட்டும் டோரோ வந்தபோது, பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி ஒரு ஸ்டீயரிங்கையே தூக்கி வந்து மேசையில் திருகிப் பொருத்தினாள். கூடவே தன் அன்றைய வசூலையும் அள்ளி அவர் மடியில் போட்டாள்.

ஜீப்னிக்காரருக்கு இடது கை விரலிடுக்குதானே கல்லாப்பெட்டி! நோட்டுகளை நீளவாக்கில் மடித்து அங்கே செருகிக்கொண்டுதான் வண்டியையே திருப்புவார். டோரோவுக்கு விளங்காமல் போனது அந்தக் கைதான்.

மெர்லிண்டாவின் கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கம் வரவு செலவு, வலப்பக்கம் நோயாளிகள். "டோரோ: செருகியது மூன்று, நின்றது ஒன்று" என்று வலப்பக்கம் மெல்ல ஊர்ந்தது. இடப்பக்கத்தில் அறை வாடகை இரண்டு மாதப் பாக்கி.

எட்டாவது நாள் டோரோவின் மனைவி விசென்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே வரல மேடம். கையில ஒரு பெசோ இல்ல."

காலும் கண்ணும் சரி என்று மருத்துவர் சொல்லியாயிற்று. கை சரி என்று மெர்லிண்டா எழுதித் தரவேண்டும். மாதக் கடைசிக்குள் அந்தக் கடிதம் வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார் ஜீப்னி முதலாளி.

"லெட்டர மட்டும் குடுத்துருங்க மேடம். மிச்சத்த ரோட்டுல பழகிக்கறேன்," என்றார் டோரோ.

"ரோட்டுலயா? பின்னாடி இருபது பேர ஏத்திக்கிட்டா? அண்ணே, எனக்கு வாயில நல்லா வந்துரும்! நாளைக்கு வர்றீங்க. காசு, வண்டி ஓடினப்புறம்."

இப்படிச் சொல்லி ஏற்கனவே மூன்று பேரிடம் ஏமாந்தவள் அவள். அவர்களில் இரண்டு பேர் இவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். டோரோவும் விசென்டாவும் போனதும் கணக்குப் புத்தகத்தின் இடப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தாள். பயமாகத்தான் இருந்தது.

மாதக் கடைசி நாள். விரலிடுக்கில் பத்து நோட்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினார் டோரோ. ஒன்று நழுவி விழுந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"நோட்டு விழுந்தா குனிஞ்சு பாக்கறீங்க பாருங்க, அதுதான் தப்பு. போனா போகுது. கண்ணு ரோட்டுல. இன்னொரு தடவ!"

இரண்டாம் முறை ஒன்றும் விழவில்லை. மூன்றாம் முறையும் விழவில்லை. விசென்டா போட்ட கூச்சலில் ரொட்டிக் கடைக்காரர் மாடி ஏறி ஓடிவந்தார். மெர்லிண்டா அவரையே சாட்சியாக நிறுத்திக்கொண்டு கடிதத்தை எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து, வங்கிக்குப் போக ஏதோ ஒரு ஜீப்னியில் ஏறினாள். ஓட்டுநர் யாரென்று பார்க்கவில்லை. ஐம்பது பெசோவை முன்னே நீட்ட, அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. திரும்பி வந்த சில்லறையோடு நீளவாக்கில் மடித்த ஐந்நூறு ஒன்றும் இருந்தது.

"இது என்னுதில்லியே," என்றாள்.

"உங்களுக்குத்தானாம்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"முதல் தவணை மேடம்!" என்று முன்னாலிருந்து டோரோவின் குரல் வந்தது. தலை திரும்பவில்லை. கண் ரோட்டில் இருந்தது. ஸ்டீயரிங் மேல் இருந்த இடது கை விரலிடுக்கில் விசிறியாக நோட்டுகள்.

மெர்லிண்டா அந்த ஐந்நூறை வங்கிக் கட்டோடு சேர்க்கவில்லை, பிரிக்கவும் இல்லை. மடிப்புக் கலையாமல் கணக்குப் புத்தகத்தின் வலப்பக்கத்தில், டோரோவின் பெயர் மேல் வைத்து மூடினாள்.