எண்ணெய் பூசிய சிடி பிளேயர்

எத்தாளை மீன்பிடி ஊரில் போட் எஞ்சின் இரைய மறுத்தால் பஸ்தியானைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பான். தன் வீட்டு மின்விசிறியையோ தையல் மெஷினையோ அவன் வெளியாள் கையில் கொடுத்ததே இல்லை. கொடுத்தால் மானம் போய்விடுமாம். உப்புக் காற்றில் இரும்பைத் தின்னும் கறளோடு மல்லுக்கட்ட அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடலால் வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெய் பூசிவிடுவான்.

அவன் மனைவி கத்தரினா கோயில் பாடகர் குழுவில் முன்னுக்கு நின்று பாடியவள். தொண்டையில் வந்த கட்டியைக் கொழும்பில் வெட்டியெடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவள் கதைப்பது வெறும் காற்றாகத்தான் வரும். அவள் குரலோடு குழுவினர் முன்பு பதிவு செய்த தவக்காலப் பாட்டு சிடி ஒன்று அலுமாரியில் கிடந்தது. வேறு யாரிடமும் அது மிஞ்சவில்லை. பஸ்தியான் அதைத் தொட்டாலே முகம் கறுத்து எழும்பிப் போய்விடுவாள். பூசையிலும் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு, பாட்டுத் தொடங்க முதல் வெளியே வந்துவிடுவாள்.

இந்தத் தவக்காலத்து முதல் வெள்ளி, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"இஞ்சேருங்க, அந்த சிடியைப் போடுங்க. ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

பஸ்தியானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுமாரியைத் திறந்து, சிடியைத் துடைத்து, பிளேயரில் போட்டான். அது உள்ளே வாங்கிக்கொண்டு கொஞ்சம் சுழன்றது. பிறகு நின்றுவிட்டது. திரும்பப் பொத்தானை அமத்தினான். இப்போது சிடியை வெளியே தரவும் மாட்டேன் என்றது.

"விடுங்க. எனக்குக் கேக்கக் குடுத்துவைக்கேல்ல போல" என்று கத்தரினா எழும்பினாள்.

இன்றைக்கு எழும்பிப் போனாளென்றால் இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். "இரப்பா, இரு. இந்தா இப்ப சரி."

"நுரைச்சோலையில நௌஃபர்ட ரேடியோ திருத்துற கடையில குடுங்களன்."

"போட் எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டுறவனுக்கு இதொரு சாமானா?"

பிரித்தான். உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள், ஒரு குட்டிக் கண்ணாடி. உப்புக் காற்றுத்தான் உள்ளே புகுந்து இறுக்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். பிறகென்ன, எண்ணெய்! சக்கரத்துக்குப் பூசினான், கம்பிக்குப் பூசினான், விட்ட குறைக்கு அந்தக் கண்ணாடிக்கும் பூசினான். பெட்டியைப் பூட்டி அமத்தியபோது அது சுழலக்கூட இல்லை.

பஸ்தியான் நிலத்திலேயே இருந்துவிட்டான். அவளைப் பார்க்க முகமில்லை. கத்தரினா ஏசவில்லை. துவாய் ஒன்றை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். "எழும்புங்க, போவம்" என்றபடி தன் ஹெல்மெட்டையும் தானே எடுத்தாள். மானத்தை வீட்டில் விட்டுவிட்டு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

நௌஃபர் மூடியைக் கழற்றி மூக்கை வைத்து மணந்து பார்த்தான். "என்ன அண்ணே, இது கடலுக்குப் போய் வந்ததா?"

"நாந்தான் தம்பி. எண்ணெய் பூசினன்."

"லென்சுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"அல்லாஹ்! நல்ல காலம், தண்ணியால கழுவாம விட்டீங்க." நௌஃபர் விழுந்து விழுந்து சிரித்தான். கத்தரினாவின் தோளும் சிரிப்பில் சத்தமில்லாமல் குலுங்கியது. "லென்சில தூசி அண்ணே. பஞ்சால ஒருக்காத் தொடச்சிருந்தாப் போதும். இப்ப லென்சையே மாத்தணும்."

"சிடிக்கு ஒண்டும் நடந்திருக்காதே?" பஸ்தியான் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான்.

நௌஃபர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. தட்டை மெல்லக் கிளப்பி சிடியை எடுத்தான். சவர்க்காரத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒற்றி ஒற்றித் துடைத்தான். பழைய பிளேயர் ஒன்றிலிருந்து லென்சைக் கழற்றி இதில் பொருத்தினான். பஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றான். எஞ்சினைத் தன்னிடம் தந்துவிட்டு நிற்பவர்களின் பாடு இன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

பாட்டு வந்தது.

"ஆரு இது? என்ன ஒரு கொரல்!" என்றான் நௌஃபர்.

பஸ்தியான் மனைவியைக் காட்டினான். நௌஃபர் கதிரையைத் துடைத்து அவளுக்குப் போட்டான். இரைச்சல் கேட்கக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தினான். அந்த வெக்கையில் மூவரும் வேர்த்து ஒழுக இருந்து முழுப் பாட்டையும் கேட்டார்கள்.

முடிந்ததும் கத்தரினா, "ரெண்டாவது அடியில அவசரப்பட்டுட்டன். இன்னும் இழுத்திருக்கோணும்" என்றாள். அழவில்லை. பிழை பிடிக்கிறாள்! பஸ்தியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய்க் கையோடே நௌஃபரின் கையைப் பிடித்தான். "தம்பி, நீ நல்லா இருக்கோணும். இந்த உதவிய நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்." மனதார வந்த சொல் அது. நௌஃபர் பாட்டை அவர்களின் போனிலும் ஏற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினான்.

திரும்பும் வழியில் தோளில் கிடந்த அவள் விரல்கள் தாளம் போடுவது பஸ்தியானுக்குத் தெரிந்தது. கழுத்தில் அவளுடைய மூச்சு விட்டு விட்டுப் பட்டது. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைத் தெருவோரம் எடுத்து எஞ்சினை நிறுத்தினான்.

"ஏன், பழுதாப் போச்சா?" என்றாள்.

"இல்லையப்பா. நீ பாடு, நான் கேக்கிறன்."