அசைந்தால்தான் ஓடும் ஃபேன்

இன்று நைனார்பாளையத்தில் ஒரு வீட்டிலிருந்து புகார். போன மாதம் நான் மாட்டிய ஸ்மார்ட் ஃபேன் தானாக நின்றுவிடுகிறதாம்.

ஆர்டர் கொடுத்தவர் துபாயில் இருக்கும் மகன். பத்து நிமிடம் சென்சாருக்கு அசைவு தெரியவில்லையென்றால், அறையில் ஆள் இல்லை என்று ஃபேன் நின்றுவிடும். அப்படி அமைத்தது நான்தான்.

போய்ப் பார்த்தால், கட்டிலில் அவருடைய அப்பா. பக்கவாதம். நான் மாட்டிய அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாராம். கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

"ஃபேன் நின்னா அவருக்கு வேர்த்துக் கொட்டுது தம்பி. சோறு வடிச்சிக்கினு இருந்தாலும் ஓடியாந்து ஃபேனுக்கு நேரா என் கையை ஆட்டிட்டுப் போறேன்" என்றார் அந்த வீட்டு அம்மா. குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வேலைகளில் அதுவும் ஒன்று என்பதுபோல் சொன்னார்.

சென்சாரைக் கழற்றிவிட்டு சாதாரண ஸ்விட்ச் போட்டேன்.

"இனிமே கையை ஆட்ட வேணாமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"வேணாங்கம்மா."

வாசலுக்கு வருவதற்குள் மகன் அழைத்தார். "இன்னாங்க, அந்த ரூம் மட்டும் ஆப்ல காட்டலயே?"

"அப்பாவால அசைய முடியலங்க. அதான் கழட்டிட்டேன்."

"சரிங்க" என்றார்.

இதே தொழிலில் இருக்கும் நண்பர்களே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களாவது முதலில் கேட்கிறீர்களா? நான் கேட்டது வைஃபை பாஸ்வேர்ட் மட்டும்தான்.